ஆடுகளத்தை விட்டு வீதிக்கு வந்த காலணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலகம் செல்வோர், அதிலும் புடவை உடுத்திய பெண்கள், ‘விளையாட்டுக் காலணி’ அணிந்துகொண்டு வேலைக்குப் போவது இடம் பொருள் அறியாத செயல் என்று வருந்தி அன்பர் ஒருவர் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் படித்தேன். அவர் குறிப்பிடும் பெண்களில் நானும் ஒருத்தி. வயது ஐம்பத்து மூன்று. பகட்டுக்காக எதையும் அணியும் பருவம் கடந்துவிட்டது. அன்பரின் கடிதத்தில் ஏளனத்தைவிட அக்கறையே மிகுந்திருந்தது. அதனால் அவரோடு வாதத்துக்கு வராமல், அவர் விளையாட்டுக் காலணி என்று நினைத்திருக்கும் பொருள் உண்மையில் விளையாட்டுக் காலணியே இல்லை என்பதை மட்டும் விளக்க விரும்புகிறேன்.

என் அன்றாடப் பயணத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். குரோம்பேட்டையில் வீடு. குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் பெயர் பெற்ற ஊரில் இருந்துகொண்டு துணிக்காலணி அணிகிறாயே என்று என் கணவர் கேலி செய்வதுண்டு. வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடை, மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் வரை பெரும்பாலும் நின்றபடி பயணம், அங்கிருந்து மண்ணடிப் பக்கம் இருக்கும் அலுவலகத்துக்கு மறுபடியும் நடை. மேம்பாலப் படிகள், பெயர்ந்த நடைபாதைக் கற்கள், மழைநீர் வடிகால் மூடிகளின் இடுக்குகள், அந்த மூடிகளே இல்லாத இடங்கள், சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு ஒதுங்கி ஓரமாகக் கால் வைக்க வேண்டிய குறுகிய தெருக்கள் என்று நாளுக்கு இருவேளை இந்த நகரத்தைப் பாதங்களால் அளந்துவருகிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குதிகால் சற்று உயர்ந்த செருப்பைத்தான் அணிந்தேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை பெய்த ஒரு காலையில், வடிகால் கம்பிகளின் இடைவெளியில் செருப்பின் குதி சிக்கிக்கொள்ள, நான் முன்னே போனேன், செருப்பு அங்கேயே நின்றது. முழங்கை சிராய்ப்பு ஆற ஒரு வாரம் ஆயிற்று. அன்று மாலையே என் மகள் தன்னுடைய வெள்ளை நிறப் பழைய பாணி ஸ்னீக்கரை என் முன்னால் வைத்து, “இதைப் போட்டுப் பாரும்மா” என்றாள். இருவருக்கும் ஒரே அளவு.

அதைக் கையில் எடுத்துப் பார்த்ததும் எனக்குப் புதுப்பொருளைப் பார்ப்பதாகவே தோன்றவில்லை. பள்ளியில் உடற்பயிற்சி வகுப்புக்கு அணிந்த கான்வாஸ் ஷூதான் அது. சற்றே கனமாக, கொஞ்சம் பணக்காரத்தனமாக வந்திருக்கிறது, அவ்வளவே. என் தலைமுறையினர் யாரும் அந்தக் காலணியை மறந்திருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை துவைத்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காயவைப்போம். முழுவதும் காய்வதற்குள் பள்ளியிலிருந்து பையில் விழுந்துவந்த சாக்குக் கட்டியை ஈரத் துணிமேல் தேய்ப்போம். மறுநாள் காலை வரிசையில் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் வெள்ளைத்தூள் பறக்கும். அண்ணன் கால் வளர்ந்ததும் அது எனக்கு வந்தது. முன்பக்கம் பஞ்சு திணித்து ஓர் ஆண்டு ஓட்டினேன். கல்கத்தாவுக்கு அருகே பாட்டாநகரில் 1930-களிலேயே உருவாகத் தொடங்கிய அந்த வெள்ளைக் கான்வாஸ் காலணி, தலைமுறை தலைமுறையாக இந்தியப் பள்ளிப் பிள்ளைகளின் காலில் இருந்தது. இன்று அதே வடிவத்தைப் புதுப்பித்து, பழமையைக் காட்டி அழகாகப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். நாம் சாக்குக் கட்டி தேய்த்ததற்குத்தான் இப்போது ‘ரெட்ரோ’ என்று பெயர்.

இந்த வகைக் காலணிகள் எல்லாமே ஒரு காலத்தில் விளையாட்டுக்காகச் செய்யப்பட்டவை என்பது உண்மைதான். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தும் முறைக்கு அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்றார். வெயிலில் இளகாத, குளிரில் வெடிக்காத ரப்பர் அடி அதன் பிறகே கைகூடியது. அந்த அடியோடு நடந்தால் ஓசை எழாது. ஓசைப்படாமல் பதுங்கிப் போவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்துதான் ஸ்னீக்கர் என்ற பெயரே வந்தது. கணுக்காலை மூடும் கான்வர்ஸ் ஆல் ஸ்டார் 1917-இல் வந்தது. கூடைப்பந்தாட்டக்காரர்கள் அதை அணிந்து ஆடினார்கள். அடிடாஸ் நிறுவனத்தின் சம்பா, உறைந்த தரையில் கால்பந்து பயில்பவர்கள் வழுக்காமல் இருக்க உருவானது. வெள்ளைத் தோலில் பச்சைக் குதியோடு நம் நகரங்களிலும் இன்று அடிக்கடி கண்ணில் படும் ஸ்டான் ஸ்மித், 1960-களில் பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ஒருவருக்காக வடிவமைக்கப்பட்டு, பின்னர் 1972-இல் விம்பிள்டன் பட்டம் வென்ற அமெரிக்கரின் பெயரை ஏற்றது. பூமா நிறுவனத்தின் ஸ்வேட் 1968-இல் வந்தது. இப்படி நீளும் பட்டியலில் உள்ள எந்தக் காலணியை எடுத்துக்கொண்டாலும் அது பிறந்த இடம் ஆடுகளமாகவே இருக்கும்.

ஆனால் ஆடுகளம் அவற்றைக் கைவிட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. 1970-களின் நடுப்பகுதியில் ஈ.வி.ஏ. என்னும் இலேசான நுரைப்பொருளை ஓட்டக்காரர்களின் காலணிக்குள் வைக்கத் தொடங்கினார்கள். அதன்பின் காற்றுப்பை, ஜெல், கனத்த மெத்தை என்று விளையாட்டுக் காலணி வேறு வழியில் போய்விட்டது. இன்று எந்த நாட்டிலும் கூடைப்பந்து வீரர் எவரும் 1917-இன் துணிக்காலணியைக் கட்டிக்கொண்டு போட்டிக்கு இறங்கமாட்டார். டென்னிஸ் வீரர் எவரும் அந்தப் பச்சைக் குதிக் காலணியோடு விம்பிள்டனுக்குப் போகமாட்டார். விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்று, தட்டையான அடியும் எளிய தோற்றமுமாக வீதிக்கு வந்து, நடப்பவர்களின் காலணியாக அவை வாழ்கின்றன. ஓய்வுபெற்ற காவலரை இன்னும் ‘ஏட்டு’ என்றே தெருவில் அழைப்பதுபோல, நாமும் பழைய உத்தியோகப் பெயரிலேயே அவற்றை அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பெயர்க்குழப்பத்தால் இரண்டு தரப்பினர் இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். முதல் தரப்பினர் அலுவலகங்களில் உடை விதிகளை எழுதுபவர்கள். நான் பணிபுரியும் நிறுவனத்தில் (பெயர் வேண்டாம், நல்லவர்கள்தாம்) கடந்த ஆண்டு ஒரு சுற்றறிக்கை வந்தது: ‘விளையாட்டுக் காலணிகளுக்கு அனுமதி இல்லை.’ அன்று நான் அணிந்திருந்தது ஒரே கறுப்பு நிறத்தில், எந்தக் கோடும் எழுத்தும் இல்லாத, தோலால் ஆன, தட்டை அடிக் காலணி. வாயிலில் இருந்த பாதுகாவலர் என்னை நிறுத்தினார். என் பக்கத்தில் வந்த இளைஞர், பளபளக்கும் செயற்கைத் தோலால் ஆன, நடக்கும்போது கீச்சிடுகிற, முனை கூர்ந்த ‘ஃபார்மல்’ காலணியோடு தடையின்றி உள்ளே போனார். பாதுகாவலர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. காலணியில் கயிறும் ரப்பர் அடியும் தெரிந்தால் நிறுத்து என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் சொன்னபடி செய்தார். அலுவலகத்துக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று விதி செய்ய நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. அழுக்கான, கிழிந்த, கண்ணைப் பறிக்கும் நிறத்திலான காலணி வேண்டாம் என்றால் நானும் கைதூக்குவேன். சுத்தமாக இருக்க வேண்டும், அடக்கமான நிறமாக இருக்க வேண்டும் என்று எழுதுவதற்குப் பதிலாக ஒரு வகையின் பெயரைச் சொல்லித் தடுக்கும்போதுதான் இந்தக் கூத்து நேர்கிறது. 2014-இல் வேட்டி கட்டிச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு மன்றத்துக்குள் விட மறுத்ததும், அதைத் தொடர்ந்து அதே ஆண்டில் சட்டமன்றத்தில் சட்டமே இயற்ற வேண்டியிருந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். என் காலணிக்குச் சட்டம் கேட்கும் அளவுக்கு நான் போகவில்லை.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டாம். 2024-இல் அன்றைய பிரிட்டன் பிரதமர் ரிஷி சுனக் ஒரு பேட்டியில் சம்பா காலணி அணிந்திருந்ததை அந்நாட்டார் கேலி செய்யவே, சம்பா அணிவோரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாக அவரே வேடிக்கையாகச் சொல்ல நேர்ந்தது. அங்கே எழுந்த கேலியோ நம் அன்பரின் கவலைக்கு நேர் எதிரானது. பிரதமருக்கு இந்தக் காலணி தகாது என்று அவர்கள் சொல்லவில்லை. இவரும் அணிந்துவிட்டதால் இனி அதன் அழகு போச்சு என்று இளைஞர்கள் புலம்பினார்கள்.

இரண்டாவது தரப்பினரின் தவறு உடம்பைத் தொடுவது. கடைகளில் இவற்றை ‘ஸ்போர்ட்ஸ் ஷூ’ வரிசையில் வைத்து, “வாக்கிங் போகலாம், ஜாகிங் போகலாம், எதுக்கும் போகலாம் சார்” என்று விற்றுவிடுகிறார்கள். என் கணவர் அப்படித்தான் ஒரு ஜோடி வாங்கி, தினமும் காலையில் சிமெண்டுச் சாலையில் வேகநடை போனார். மூன்றாம் வாரம் முதல் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவதுபோல் வலித்தது. மருத்துவர் காலணியைக் கொண்டுவரச் சொல்லி, அதை நடுவில் வளைத்துப் பார்த்துவிட்டு, உள்ளங்கால் வளைவுக்கு இதில் தாங்கல் எதுவும் இல்லை, வேகநடைக்கு வேறு வாங்குங்கள், இதை வெளியே போய்வர வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்படியே செய்தார், வலி மெல்ல விட்டது. ஓடவும் வேகமாக நீண்டநேரம் நடக்கவும் மெத்தையுள்ள ஓட்டக்காலணி வேண்டும். கடைத்தெரு, ரயில், அலுவலகம், உறவினர் வீடு என்று நின்றும் நடந்தும் கழியும் நாளுக்குத் தட்டையடிக் காலணி போதும். விற்பவர்கள் இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லி விற்றால் பலருடைய குதிகால்கள் தப்பும்.

அன்பருக்குப் புடவைதான் பெரிய உறுத்தலாக இருந்திருக்கிறது. புடவைக்கு இந்தக் காலணி ஒத்துவருவதற்கு அதன் தட்டையடியே காரணம் என்பதைப் பழகியபின்தான் நானும் அறிந்தேன். குதி உயர்ந்த செருப்புக்கு ஏற்றபடி கொசுவத்தைத் தாழ்த்திக் கட்டினால், அலுவலகத்தில் செருப்பைக் கழற்றியதும் புடவைக் கரை தரையைப் பெருக்கும். தட்டைக் காலணியில் அந்த இரண்டு விரல் வேறுபாடு இல்லை. கணுக்காலுக்குக் கீழே நிற்கும் தாழ்ந்த வகையை வாங்கினால் கரைக்கும் காலணிக்கும் இடையில் துணி சிக்குவதும் இல்லை. ரயில் ஏறும் நெரிசலில் பிறர் மிதித்தாலும் விரல் நசுங்காது என்பதை மின்சார ரயிலில் போகும் பெண்களுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊர் வாழ்க்கைக்கு இந்தக் காலணியில் குறையே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். பெரிய குறை கயிறு. ஒரு நாளில் எத்தனை வாசல்களில் நாம் காலணியைக் கழற்றுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்: வீடு, கோயில், சில மருத்துவமனைகள், உறவினர் வீடு. ஒவ்வொரு முறையும் குனிந்து முடிச்சை அவிழ்க்க யாருக்குப் பொறுமை? கட்டியபடியே காலை நுழைத்து, குதிப்பக்கத்தை மிதித்துச் செருப்பாக்கிவிடுகிறோம். இரண்டு மாதத்தில் பின்பக்கம் மடிந்து, காலணியின் உயிர் போய்விடுகிறது. நான் கயிற்றை எடுத்துவிட்டு, அதே நிறத்தில் இழுபடும் நாடாவை வாங்கிக் கோத்துவிட்டேன். இப்போது ஒரு விரலால் குதியை இழுத்தால் கால் உள்ளே போய்விடும்.

அடுத்தது நம் கடலோரக் காற்று. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். நல்ல நாளுக்கு இருக்கட்டும் என்று ஒரு ஜோடியைப் பெட்டியிலேயே ஐந்தாறு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்து, வெளியூரில் ஒரு திருமணத்துக்கு அணிந்து போனேன். மண்டபத்துப் படிகளில் ஏறும்போதே காலடியில் ஏதோ பொலபொலவென்று உதிர்வது தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் படிதோறும் கறுப்புத் துகள்கள். காலணி அடிக்குப் பயன்படும் பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள் ஈரக்காற்றை உறிஞ்சி, அணியாமல் வைத்திருந்தாலும் நாளடைவில் சிதைந்துவிடும் தன்மையுடையது என்று பின்னர்தான் தெரிந்துகொண்டேன். அன்று தாலி கட்டும்வரை வெறுங்காலோடு நின்றேன். யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை, மண்டபத்தில் எல்லோரும் வெறுங்கால்தான். ஆகவே பத்திரப்படுத்தாதீர்கள், அணியுங்கள். இரண்டு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றி அணிந்தால் வியர்வை ஈரம் காய நேரம் கிடைக்கும். மழையில் நனைந்துவிட்டால் உள்தகட்டை உருவி வெளியே வைத்து, காலணிக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து மின்விசிறிக்கு அடியில் வைக்கலாம். தங்கள் நாளிதழ் இந்த வேலைக்கும் மிக நன்றாக உதவுகிறது என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

வாங்கும்போது அடிப்பாகத்தின் பக்கவாட்டைப் பாருங்கள். துணிக்காலணிகளில் பெரும்பாலும் ரப்பர்ப் பட்டையைச் சுற்றி ஒட்டி, முழுக் காலணியையும் சூடேற்றி இறுக்குவார்கள். அது வளைந்துகொடுக்கும், காலுக்கு இதமாக இருக்கும். ஆனால் விரல் மடங்கும் இடத்தில் பட்டை வாய்பிளக்கும். டென்னிஸ் வழிவந்த தோல் காலணிகளில் கிண்ணம்போல் வார்த்த ரப்பர் அடியில் மேற்பாகத்தை உட்கார்த்தி, சுற்றிலும் தையல் போட்டிருப்பார்கள். அது சற்றுக் கனமாக இருந்தாலும் நம் சாலைகளுக்குத் தாக்குப்பிடிக்கும். தையல் விட்டாலும் கவலை இல்லை. எங்கள் நிலைய வாசலில் குடை நிழலில் அமர்ந்திருக்கும் பெரியவர், பழைய தையலின் பள்ளத்திலேயே கொக்கி ஊசியை விட்டு, மெழுகு தேய்த்த நூலை இழுத்து இழுத்து, அடுத்த ரயில் வருவதற்குள் முடித்துக் கொடுத்துவிடுகிறார். தையல் இருப்பதுபோல் அச்சு மட்டும் வார்த்து ஏமாற்றும் வகையும் உண்டு. அவரிடம் நீட்டினால் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, “இது டிசைன்மா, தையல் இல்ல” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். இந்தப் பழைய வடிவங்களில் பல முன்பக்கம் குறுகியவை. நம் பாதமோ விரல்பக்கம் அகன்றது. இதை என் அனுபவமாக மட்டும் சொல்லவில்லை. அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து, இந்தியப் பாதங்கள் மேலைநாட்டார் பாதங்களைவிட அகலமானவை என்று கண்டறிந்து, நமக்கென ‘பா’ என்ற தனி அளவுமுறையைப் பரிந்துரைத்திருக்கிறது. அது கடைக்கு வரும்வரை, அகலத்துக்காக ஓர் அளவு பெரிதாக வாங்கி நீளத்தில் தவிப்பதுதான் நம் வழக்கமாக இருக்கிறது. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், அணியப்போகும் காலுறையோடு போய் அளவு பார்த்தால் பாதித் தவிப்பு குறையும்.

விலை என்று வந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரையுள்ள காலணிகளுக்குச் சரக்கு சேவை வரி 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. அதற்கு மேல் 18 விழுக்காடு. உள்நாட்டு நிறுவனங்களின் நல்ல தட்டையடிக் காலணிகள் அந்த வரம்புக்குள்ளேயே கிடைக்கின்றன. ஆகையால் நடைபாதையில் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று கூச்சமில்லாமல் விற்கப்படும் போலியை அயல்நாட்டு முத்திரைக்காக வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த முத்திரை உரியும்போது அடியும் சேர்ந்து உரிவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டையில் தோலும், செய்யாற்றுச் சிப்காட்டில் உலகச் சந்தைக்கான விளையாட்டுக் காலணிகளும் தயாராகும் மாநிலம் நம்முடையது. செய்யாற்றில் அவற்றைத் தைத்து ஒட்டி அடுக்குபவர்களில் மிகப் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வரும் பெண்கள். தோல் அல்லாத காலணிகளையும் ஊக்குவிக்க 2022-இல் மாநில அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. இவ்வளவும் இங்கேயே நடக்கும்போது, அதே வகைக் காலணியைத் தமிழ்ப் பெண்ணொருத்தி புடவையோடு அணிந்தால் அது எங்கிருந்தோ வந்த பழக்கம் என்று அன்பர் கருதுவதுதான் எனக்கு வியப்பு.

அன்பரிடமும் தங்களிடமும் சிறு வேண்டுகோள் ஒவ்வொன்று உண்டு. அன்பர் ஒருநாள் கடற்கரை நிலையத்தில் காலை ஒன்பது மணிக்கு நின்று, இறங்கிவரும் பெண்களின் முகத்தைப் பார்க்காமல் காலை மட்டும் பார்க்கட்டும். அவர்கள் எந்தத் தெருக்களில் நடக்கப் போகிறார்கள் என்பதையும் கொஞ்சதூரம் நடந்து பார்க்கட்டும். தாங்கள் தங்கள் இணைப்பிதழில் இத்தகைய காலணிகளின் படத்தை வெளியிடும்போது கீழே ‘விளையாட்டுக் காலணி’ என்று அச்சிடாமல் ‘நடைக்காலணி’ என்றோ, அது பிடிக்கவில்லை என்றால் ஊரறிந்தபடி ‘கான்வாஸ்’ என்றோ அச்சிடலாம்.

எங்கள் நிறுவனத்தின் சுற்றறிக்கையில் ‘விளையாட்டுக் காலணி’ என்ற சொல்லை நீக்கி, ‘சுத்தமான, அடக்கமான நிறத்திலான காலணி’ என்று மாற்றும்படி எழுத்து மூலம் விண்ணப்பித்திருக்கிறேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்திருக்கிறது. அதுவரை ஒரு ஜோடிச் செருப்பை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, வாயிலுக்கு வெளியே இருக்கும் தேநீர்க்கடைப் பெஞ்சில் அமர்ந்து காலணி மாற்றிக்கொண்டு உள்ளே போகிறேன். செருப்பு மேசையடியில் இருக்க, நான் வாயிலுக்கு வெளியே இருந்தால் எப்படி மாற்ற முடியும் என்று கேட்பீர்கள்; எனக்கு முன்பே வந்துவிடும் தோழி ஒருத்தி தினமும் அதை எடுத்துவந்து கொடுக்கிறாள்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
குரோம்பேட்டை, சென்னை – 44.